மாமி வைத்த சோதினை

சுன்னாகம்,
கந்தசஷ்டி ஐந்தாம் நாள்.

அன்பும் மதிப்பும் நிறைந்த உதயகலா மாமிக்கு,

உங்கள் அண்ணன் மகள் நிவேதனா எழுதுவது. இப்படிக் கடிதம் எழுதுவதற்கே முதலில் என்னை மன்னிக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது எந்தப் பைத்தியம் தபால் முத்திரை ஒட்டும் என்று வெள்ளவத்தையில் நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. ஆனால் போன் எடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா சத்தத்தைக் கூட்டிப் போனை மேசை நடுவில் வைப்பார். அம்மா குசினிக்குள் நின்று மறுமொழி சொல்லுவார். நான் "ஓம் மாமி, ஓம் மாமி" என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் "சரி மாமி, வைக்கிறன்" என்பேன். பட்டம் வாங்கியும் என் பேச்சு அவ்வளவில்தான் நிற்கிறது. எழுத்தென்றால் யாரும் இடையில் புகுந்து கதைக்க மாட்டார்கள்.

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம், அதுபோல் நீங்களும் மாமாவும் சுகமாய் இருக்க முருகனை வேண்டுகிறோம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் வந்து நின்றபோது, போகிற அன்று, இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் ஒரு வசனம் சொன்னீர்கள். "அண்ணை, உவளுக்கு ஒரு கடையிலை இருந்து பிளேன்ரீ சொல்லிக் குடிக்கத் தெரியாது. கொழும்பிலை என்னெண்டு இருக்கப்போறாள்?" நீங்கள் பகிடிக்குத்தான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். அந்த வசனம் பஸ் ஏறவில்லை, எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்பா எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கினவர். அதனால் அவருக்குச் சோதினை என்ற சொல்லின்மேல் ஒரு பக்தி இருக்கிறது. கொழும்பில் புவியியலில் முதுமாணி படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது, தை மாதம் வகுப்புத் தொடங்குகிறது, இந்த மாதம் முடிவதற்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் ஒருமாதிரிச் சொல்லி முடித்தபோது அவர் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "மாமி சொன்னது சரி. முதல்லை யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் ஒரு கடையிலை தனிய இருந்து சாப்பிட்டிட்டு வா. பிறகு தனியப் போய் ஒரு படம் பாத்திட்டு வா. ரெண்டிலையும் பாஸ் எண்டா மாமி வீட்டிலை நிண்டு படி. இல்லாட்டி இஞ்சை ரியூசன் குடு."

இரண்டே பாடம். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் பாஸ் எடுத்தவள் நான் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என் கடைசிச் சந்தோசம்.

முதல் பாடம் சாப்பாடு. வெள்ளிக்கிழமை பார்த்துப் போனேன், சைவக்கடை என்றால் பிழை விடுவதற்கு இடம் குறைவு என்று. வெளிக்கிடும்போது அம்மா ஒரு சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தார். "உதென்னம்மா?" என்றேன். "புட்டும் கத்தரிக்காய்க் கறியும். கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாட்டி எண்டு" என்றார். சாப்பிடப் போகிற பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிற தாய் இந்தப் பூமியில் வேறெங்கும் இருக்கிறாரோ தெரியாது. உலகப்படத்தில் கண்ணை மூடிக்கொண்டு சிலி நாட்டைத் தொடுவேன் மாமி, பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த அந்தக் கடையில் கைகழுவும் இடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு தரம் குசினிக்குள் போய்விட்டேன். சமையல்காரர் என்னை வேலை கேட்டு வந்த பிள்ளை என்று நினைத்து, "முதலாளி முன்னுக்கு இருக்கிறார் தங்கச்சி" என்றார். முன்னுக்கு வந்து ஒரு மூலை மேசையில் இருந்தேன். பரிமாறுகிற அண்ணை வந்தார்.

"சோறோ, இடியப்பமோ?"

"ஓம்."

"ரெண்டுமோ?"

"ஓம்."

அவர் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "இருந்து சாப்பிடுறியளோ, பாசல் கட்டவோ?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மேசையில் சோறு வந்தது, இடியப்பம் வந்தது, இரண்டும் பார்சலாகவும் கட்டிப் பக்கத்தில் வந்தது, போதாததற்கு ஒரு தட்டு நிறைய வடையும் றோல்ஸும் கொண்டுவந்து வைத்தார். விருப்பமானதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை விட்டால் எடுத்ததற்கு மட்டும்தான் கணக்கு என்பது குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் முன்னால் வைத்த தட்டில் மிச்சம் விடக்கூடாது என்று அம்மா வளர்த்த கை அதை அறியவில்லை. நான் வடையில் கடைசியைத் தின்றுகொண்டிருந்தபோது தெருவின் எதிர்ப்பக்கத் தேநீர்க்கடையில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தேநீர் குடிக்க முயற்சி செய்துகொண்டிருந்தார். சேர்ட்டின் தோளில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அப்பா. தனியே போ என்று அனுப்பிவிட்டுப் பின்னால் மோட்டார்சைக்கிளில் வந்திருக்கிறார். ஹெல்மெட்டோடு தேநீர் குடிக்க முடியாது என்பது தேநீர் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அப்பாவின் சந்தைக் கூட்டாளி ஒருவர் அந்த வழியால் வந்து, ஹெல்மெட்டுக்குள் இருப்பது யாரென்று அடையாளம் கண்டு, "என்ன நமசிவாயம், மகள் அங்காலை தனிய இருந்து சாப்பிடுறாள், நீ இஞ்சாலை இருக்கிறாய், வீட்டிலை ஏதும் பிரச்சினையே?" என்று கேட்டிருக்கிறார். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அந்தக் கேள்வி எனக்கு முதல் வந்து சேர்ந்துவிட்டது. அம்மாவுக்கு வரிசையாகப் போன். "சுவர்ணா, அடுப்பு மூட்டேல்லையே? பிள்ளை கடையிலை சாப்பிடுறாளாம்." அம்மா எல்லோருக்கும் "அது சோதினை, அது சோதினை" என்று சொல்லச் சொல்ல, என்ன சோதினை, ரத்தச் சோதினையோ, யாருக்கு வருத்தம், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலோ என்று கதை வேறு பக்கம் போய்விட்டது. சாயந்தரம் இரண்டு பேர் நோயாளியைப் பார்க்கத் தோடம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். அம்மா அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. இரவு மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "அவங்கடை சாம்பாரிலை என்ன தூள் போட்டவங்கள்?" அப்பா தீர்ப்புச் சொன்னார்: "சாப்பிட்டாள்தான். சரி, அரைப் பாஸ்."

இரண்டாவது பாடம் படம். சனிக்கிழமைப் பகல் காட்சி. புதிதாக வந்த படம், தியேட்டர் நிறையப் பொடியன்கள், விசில். ரிக்கெற் கிழிக்கிறவர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, குடும்பமாக வந்தவர்கள் இருக்கிற பக்கம் கொண்டுபோய் இருத்திவிட்டார். எனக்கு இந்தப் பக்கம் ஒரு அக்கா, மடியில் பல் முளைக்கிற வயதில் ஒரு குழந்தை, அங்காலே அவவின் கணவர்.

"தங்கச்சி தனியவே வந்தனீங்கள்?"

"ஓம்."

"எந்த ஊர்?"

"சுன்னாகம்."

"ஆற்றை மகள்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். வீடு சந்தையிலிருந்து எந்தப் பக்கம், வாசலில் என்ன மரம் என்று அந்த அக்கா எல்லாம் கேட்டா, நானும் எல்லாம் சொன்னேன். பெயர் பெர்னடெட், ஊர் இங்கேயே கொழும்புத்துறை, கணவர் சிமியோன் கடலுக்குப் போகிறவர், குழந்தை கொலின்ஸ், இவன் பிறந்த பிறகு இன்றைக்குத்தான் முதல் படம் என்று அவவும் சொன்னா. ஊரும் தகப்பன் பெயரும் தெரிந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பிள்ளையையே நம்பிக் கொடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "ஒருக்கா இவனைப் பிடியுங்கோ, கச்சான் கடலைச் சரையைப் பிரிக்கிறன்" என்று கொலின்ஸை என் மடியில் வைத்தா. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஹீரோவின் பெயர் விழுந்தது. தியேட்டரே இடி விழுந்த மாதிரி அதிர்ந்தது. கொலின்ஸ் அலறினான்.

பெர்னடெட் அக்கா எழும்பினா. எழும்பிக்கொண்டே திரையைத் திரும்பிப் பார்த்தா. மாமி, விருந்து வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவர்கள் இலையைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, "நான் வெளியிலை கொண்டுபோறன் அக்கா, நீங்கள் பாருங்கோ" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்ன வசனம். அதனால்தான் இவ்வளவு கேடும் வந்தது.

படம் முழுவதும் நான் வெளியே. கதவுக்கு உள்ளே ஆட்கள் கைதட்டுகிறார்கள், வெளியே நான் ஒரு கையில் கொலின்ஸும் மறு கையில் அக்கா பால்மா போட்டுத் தந்த போத்தலுமாக நடக்கிறேன். பால் கரைக்கச் சுடுதண்ணி வேண்டும். தேநீர் விற்கிற இடத்தில் கேட்டேன், அந்த மனுசன் காது கொடுக்கவில்லை. இன்னொரு தரம் கேட்டேன். "இடைவேளைக்கு வாங்கோ" என்றார். பிள்ளை பசிக்கு அழுகிறான், இவருக்கு இடைவேளை. "அண்ணை, இவனுக்கு இடைவேளை தெரியாது. இப்ப தாங்கோ" என்றேன், கொஞ்சம் உரத்துத்தான் சொல்லிவிட்டேன் போல, அங்கே நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், தண்ணீர் வந்துவிட்டது. பிறகு படிக்கட்டில் மூன்று பொடியன்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "தம்பி, குழந்தை நிக்குது, அங்காலை போங்கோ" என்றேன். அதில் ஒருவனுக்குத் தாடி. என்னைவிட மூத்தவனாக இருக்க வேண்டும். "சொறி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். கொலின்ஸை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவன் நல்ல பாரம். இடைவேளைக்குப் பெர்னடெட் அக்கா ஓடிவந்து கையை நீட்டினா. அவன் அப்போதுதான் என் தோளில் நித்திரையாகியிருந்தான். "நீங்கள் போங்கோ அக்கா, எழுப்பாதேங்கோ" என்றேன். இப்படியாகத்தான் மாமி, ஒரு படத்துக்குப் போய் அதன் தொடக்க எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா கதிரையை முற்றத்தில் போட்டுக்கொண்டு இருக்கிறார். வாய்மொழிப் பரீட்சை.

"என்ன கதை?"

பார்க்கவில்லை என்று சொன்னால் கொழும்பு இல்லை. ஆகவே, "ஒருத்தன் கிராமத்திலை இருந்து பட்டினத்துக்குப் போறான்" என்று தொடங்கினேன். எந்தப் படத்துக்கும் பொருந்தும்தானே.

"பிறகு?"

"அங்கை ஒரு கெட்டவனோடை சண்டை."

"பிறகு?"

"வெண்டிட்டு ஊருக்குத் திரும்பி வாறான்."

"ஏன் திரும்பி வாறான்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. "தேப்பன் பாத்துக்கொண்டு இருக்கிறார் எண்டு" என்றேன். அப்பா எழும்பிக் கதிரையைத் தூக்கினார். பிறகு, "நல்ல படம். பாஸ்" என்றார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கொழும்பு ரயிலில் சன்னல் ஓர இருக்கையில் இருப்பதாகக் கனவு கண்டேன்.

கனவு நேற்று மத்தியானம் வரைக்கும் நின்றது.

நேற்றுச் சஷ்டி நாலாம் நாள். அம்மா விரதம், பின்னேரம் பாலும் பழமும் மட்டும். மத்தியானத்தில் அவரோடு கதைப்பதற்கு எனக்கும் அப்பாவுக்கும் துணிவில்லை. எனக்கு வயிற்றில் காஸ் வருத்தம் என்பதால் விரதம் இல்லை, ஆனாலும் வீடு முழுக்கச் சைவம், சட்டி பானை எல்லாம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அந்த நேரம் வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. சிமியோன் அண்ணை, பின்னால் பெர்னடெட் அக்கா, நடுவில் கொலின்ஸ், காண்டிலில் தொங்கவிட்ட ஒரு உரப்பை. "தங்கச்சிக்கு ஒரு நன்றி சொல்லுவம் எண்டு வந்தனாங்கள்" என்று சிமியோன் அண்ணை உரப்பையை எடுத்து எங்கள் வாசற்படியில், அம்மா காலையில் சாணம் தெளித்துக் கோலம் போட்ட இடத்தில், நடுவாக வைத்தார். பை அசைந்தது.

"நண்டு அக்கா. நல்ல முட்டை நண்டு. உயிரோடை" என்று அம்மாவிடம் சொன்னா பெர்னடெட் அக்கா.

உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கு நண்டென்றால் உயிர். நாலு நாள் பட்டினி கிடந்த அவரின் முகத்தில் கோபமும் ஆசையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். அப்பாதான் மெல்லச் சொன்னார், "சஷ்டி பிள்ளை, விரதம்" என்று. "ஐயோ, அறியாமல் வந்திட்டம்" என்று பெர்னடெட் அக்கா பதறிப் பையை இழுக்க, கட்டு அவிழ்ந்து, நண்டுகள் முற்றம் முழுக்க வெளிக்கிட்டன. காயப்போட்ட வெங்காயத்துக்குள் சில, மோட்டார்சைக்கிளுக்குக் கீழே சில, ஒன்று நேரே சுவாமி அறைப் பக்கம். அப்பா கதிரையில் ஏறி நின்றார். அம்மா தொட முடியாது. பெர்னடெட் அக்காவின் கையில் பிள்ளை. சிமியோன் அண்ணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "பின்னாலை பிடியுங்கோ தங்கச்சி, முன்னுக்குக் கை குடாதேங்கோ" என்று அவர் சொல்லச் சொல்லப் பிடித்துப் போட்டேன். சுவாமி அறைக்குப் போனதை வாசற்படியில் வைத்து மடக்கினேன். ஒன்று மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

எல்லாம் அடங்கிப் பிளேன்ரீ குடிக்கும்போதுதான் என் தலையில் விழுந்தது. பெர்னடெட் அக்கா அப்பாவிடம் சொன்னா: "உங்கடை மகள் இல்லாட்டி நாங்கள் அந்தப் படம் பாத்திருக்க மாட்டம் ஐயா. முழுப் படத்துக்கும் வெளியிலை நிண்டு இவனைத் தூக்கி வைச்சிருந்தவ. தேத்தண்ணிக்காரனோடை சண்டை பிடிச்சுச் சுடுதண்ணி வாங்கினவவாம், ரிக்கெற் கிழிக்கிறவர் சொன்னார்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "படம் என்ன கதை?"

"அது முழுக்கக் கப்பலிலை ஐயா" என்றார் சிமியோன் அண்ணை. "தொடக்கம் துவங்கி முடிவு மட்டும் கப்பல்தான். கரையே இல்லை. ஆனா அந்த ஹீரோவுக்கு ஒரு கயிறு முடியத் தெரியேல்லை."

அவர்கள் போன பிறகு அப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுதுவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். "சோதினையிலை பொய் எழுதிப்போட்டாய் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். தோட்டத்துக்குப் போய்விட்டு இருட்டின பிறகுதான் வந்தார். வந்து, "ஞாயிற்றுக்கிழமை மாமிக்குப் போன் எடுக்கிறன். அவ சொல்லுறதுதான் முடிவு" என்றார்.

ஆகவே மாமி, உங்களுக்கு வீண் கரைச்சல் வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஒரு பாடத்தில் அரைப் பாஸ், மற்றதில் களவு. எனக்குக் கொழும்பு சரிவராது. இங்கேயே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பருவக்காற்றுப் படிப்பித்துக்கொண்டு இருக்கிறேன், பட்டதாரி ஆசிரியர் நியமனம் எப்போதாவது வந்தால் வரட்டும். எனக்காக வைத்திருந்த அறையில் மாமா தன் தையல் மெசினைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். அவரின் சீனி வருத்தத்தை விசாரித்ததாகச் சொல்லுங்கள். பின்னேரம் கடற்கரையில் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடையில் பொரித்த பற்றிஸ் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சந்நிதி முருகன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் அங்கே தண்ணீர் வெட்டில்லாத நாட்களையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
நிவேதனா

பி.கு: மாமி, ஒட்டுவதற்கு முன் மேலே எழுதியதை ஒருதரம் வாசித்தேன். நடந்ததெல்லாம் நடந்ததுதான், ஆனால் கொழும்பு சரிவராது என்று எழுதின பகுதியை நம்ப வேண்டாம். சுடுதண்ணி கேட்டு வாங்கினவளும், தாடிக்காரனை அங்காலே போகச் சொன்னவளும், சுவாமி அறைக்குப் போன நண்டை மடக்கினவளும் நான்தான் என்பது எழுதும்போது எனக்குத் தெரியவில்லை, வாசிக்கும்போது தெரிந்தது. அதனால் வாசித்த கையோடு தோட்டத்துக் கிணற்றடியில் நின்று கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு நானே போன் எடுத்தேன். அங்கே போனை எடுத்தவர் சிங்களத்தில் கேட்டார், நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார். மாமி வீட்டில் என்றேன். அப்பாவுக்கு இன்றைக்கே சொல்லிவிடுவேன், இந்தமுறை பொய் இல்லை. காணாமல் போன நண்டு அம்மாவின் தூள் வறுக்கிற தாச்சிக்குப் பின்னால் இருந்தது. தாச்சி ஏன் வெளியே வந்ததென்று பார்த்தால், அம்மா விரதத்தோடு விரதமாக இரண்டு போத்தல் கறித்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறார். ஒன்று மாமிக்காம். மற்றது ஆருக்கு என்று கேட்டேன், அம்மா மூடியை இறுக்கி அதை என் பைக்குப் பக்கத்தில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் எடுப்பார், சத்தத்தைக் கூட்டி மேசை நடுவில் வைப்பார், "என்ன சொல்லுறாய் உதயா?" என்று கேட்பார். உங்களுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும், பகிடியும் வரும். இந்த ஒருமுறை மட்டும், நான் இவ்வளவு காலமும் உங்களுக்குச் சொல்லி வந்த அந்த ஒரு சொல்லை எனக்காக நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டும் மாமி. ஓம் என்று. வேறொன்றும் வேண்டாம்.